மாப்பிள்ளைக் கார் ஓடிய நாள்

என் மூத்த அண்ணர் சாகக் கிடந்தபோது எங்கள் தங்கையின் குரலை ஒரேயொரு தடவை கேட்க ஆசைப்பட்டார். அந்தச் செய்தி என்னிடம் வந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. ஒரு காருக்காகச் சொல்லவில்லை.

நான்கு வருடமாகத் தொண்டைக்குள் கிடந்ததை நான்கு வரியில் சொல்லிவிட்டேன்... இது உங்களுக்குப் போதாது, தெரியும். இவன் என்ன மனிதன் என்று கேட்பீர்கள். நானும் அதையே கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன்.

அந்தக் காரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். ரொறன்ரோவில் இருக்கிறவர் என்றால் உங்கள் வீட்டுக் கலியாண அல்பத்திலேயே அது நிற்கலாம். அறுபதுகளில் செய்த மஸ்டாங். கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிட்டு ஓட்டக்கூடிய கன்வெர்டிபிள். நல்ல சிவப்பு, வெள்ளை இருக்கைகள். பெற்றோலைக் குடித்துத் தீர்க்கும், மழைக்கு ஒழுகும், உப்புத் தூவிய தெருவில் ஒரு நாள் ஓடினாலே துருப்பிடிக்கும். இருந்தும் அது போகிற இடமெல்லாம் சனம் திரும்பிப் பார்க்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஏன் பார்க்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரே பதில் என்னுடையதுதான்.

நான் அகதியாக வந்த முதல் வருடம், ரொறன்ரோவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். குளிர் இன்னும் விட்டபாடில்லை. அப்படியொரு காரில், கூரையைத் திறந்துவிட்டு, கழுத்தில் மப்ளரோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் போனார். எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் அவர் முகத்தில் இல்லை. நான் அதுவரை ஏறிய வாகனமெல்லாம் தப்பி ஓடுவதற்காக ஏறியவை. லொறி, வள்ளம், கள்ளப் பாஸ்போர்ட்டோடு விமானம்... சும்மா போவதற்கென்றே ஒரு வாகனம்! அன்றைக்கே மனம் அதில் விழுந்துவிட்டது.

மிசிசாகாவில், விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை செய்துகொண்டு, அப்படியொரு காரின் துருப்பிடித்த உடலை ஒரு பண்ணையிலிருந்து இழுத்துவந்தேன். மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில் எட்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். என் மனைவி அதைத் தன் சக்களத்தி என்பாள். நான் சிரிப்பேன், மறுத்ததில்லை.

பிறகு நம் சனம் அதைக் கண்டுகொண்டது. மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்துவர என் கார்தான் வேண்டும் என்று நின்றார்கள். நான் யாரிடமும் வாடகை கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது வேறு. பட்டு வேட்டியோடு ஸ்ரியறிங்கைப் பிடிக்க வேண்டும், முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போக வேண்டும், ஊரே என்னைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் பெட்டி தூக்குகிறவனை யார் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்! மாப்பிள்ளைக்குப் பின்னால்தான் கமெரா என்று எல்லாரும் நினைப்பார்கள். எனக்குத் தெரியும், எல்லாக் கண்ணும் காரில்தான் இருந்தது.

இனித் தங்கையைச் சொல்ல வேண்டும். வதனி. வெக்ஸ்போர்ட்டில் இருக்கிறாள். இங்கே வந்து ஒரு மட்டக்களப்பு மனிதரை விரும்பிக் கட்டினாள். தங்கமான மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்த அண்ணருக்கு அது பிடிக்கவில்லை. தன்னைக் கேட்காமல், தெரியாத ஊரில் சம்பந்தம் செய்துவிட்டாள் என்று கோபம். பதினேழு வருடம் அவளோடு ஒரு சொல் பேசவில்லை. அவளுடைய போன் இலக்கம்கூட அந்த வீட்டில் இல்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நான் ஊருக்குப் போன் எடுக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒருக்கால் அண்ணர் கேட்டுவிடுவாரோ என்று... அவர் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, கராஜ் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு பெரிய கலியாணம். வானத்தில் கமெரா பறக்கவிட்டுப் படம் எடுக்கப்போகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்போதுதான் அண்ணரின் மகன் குகன் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தான்.

"சித்தப்பா, அப்பாக்குக் கடுமையாக்கிடக்கு. வதனி மாமியோடை ஒருக்காக் கதைக்கவேணுமாம். மாமீன்ரை நம்பரைத் தாங்கோ."

இலக்கம் எனக்கு மனப்பாடம். பத்து எண்கள். சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?

"அவ இப்ப வேலையிலை, தம்பி. நான் எடுக்கச் சொல்லுறன்," என்றேன்.

அவள் வேலையில் இல்லை. சனிக்கிழமை அவளுக்கு லீவு. வீட்டில்தான் இருந்தாள்.

என் மூளை எவ்வளவு விரைவாக வேலை செய்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வதனிக்குச் சொன்னால் அழுதுகொண்டு என் வீட்டுக்கு ஓடிவருவாள். மனைவிக்குத் தெரியும். மனைவிக்குத் தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் ஸ்காபரோவுக்கே தெரியும். சாகக் கிடக்கிறவரின் தம்பி ஓட்டும் காரில் எந்தத் தாய் தன் மகனை மணவறைக்கு அனுப்புவாள்? பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அண்ணர் கெட்டியான உடம்புக்காரர், நாளை வரைக்கும் தாங்குவார் என்றும் நினைத்தேன். போனின் சத்தத்தை நிறுத்தி டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

மாப்பிள்ளையின் தாய் நெறியான மனுசி. நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "குறை நினையாதேங்கோ அண்ணை. வீட்டிலை துடக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"இல்லை, தங்கச்சி."

சாவுத் தீட்டைத்தான் கேட்டார். அண்ணர் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆகவே அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாருங்கள், எப்படியெல்லாம் வழக்காடுகிறேன்!

எலுமிச்சம்பழம் நசிய, கார் நகர்ந்தது. மேளக்காரர் நடக்கும் வேகத்துக்கு அந்த எஞ்சினை ஓட்டுவது லேசான காரியமில்லை. சூடாகிவிடும். வெப்பம் காட்டும் முள்ளிலேயே கண்ணை வைத்திருந்தேன். ஊர்வலம் முழுவதும் அண்ணரை நினைத்தேனா என்றால்... இல்லை. அதுதான் உண்மை. வெயில் நன்றாக இருந்தது, தவில் நன்றாக இருந்தது. நான் சந்தோசமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோசமாக இருந்த நாட்கள் மிகக் குறைவு.

பின்னேரம் மூன்று மணிக்கு டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்தேன். குகன் பதினொரு தடவை எடுத்திருந்தான். கடைசியில் ஒரு குரல்செய்தி: "சித்தப்பா, அப்பா போயிட்டார்... மாமி எடுப்பா எண்டு போனைக் கையிலை வைச்சுக்கொண்டு கிடந்தவர்."

அதை நான் இரண்டு தடவை கேட்டேன். பிறகு அழித்தேன்.

வதனியின் வீட்டுக்குப் போய், அண்ணர் திடீரென்று போய்விட்டார் என்றும் செய்தி இப்போதுதான் வந்தது என்றும் சொன்னேன். செத்தவீட்டை என் வீட்டுக்கு வந்து போனில் நேரலையாகப் பார்த்தாள். அந்தச் சின்னத் திரையில் அண்ணரின் காலைத் தொட்டாள். குகனிடம், மாமியைப் பிடிக்க முடியாமல் போய்விட்டது என்று சொன்னேன். அவள் வேண்டுமென்றே பேசவில்லை, கல்நெஞ்சுக்காரி என்றுதான் அங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். நான் அதையும் திருத்தவில்லை. திருத்துவதென்றால் முழுவதையும் சொல்ல வேண்டும்.

காரை விற்றுவிட்டேன் என்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். விற்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அதன் மேலிருந்து துணியை இழுக்கும்போது, வெட்கமில்லாமல், அதே ஆசை வருகிறது. பாவம் ஒரு பக்கம், அந்த எஞ்சின் உறுமும்போது வருகிற குளிர்ச்சி ஒரு பக்கம். இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன? அவை சண்டைகூடப் பிடிப்பதில்லை.

வதனிக்கும் அந்தக் கார் பிடிக்கும். அதில் ஏறினால் மனம் லேசாகிறது என்பாள். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். கூரையைத் திறந்து, ஸ்ரீல்ஸ் வீதியால் கிழக்கே போனோம். ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது, முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணை, பெரியண்ணை கடைசியிலை என்னைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லையோ?"

சொல்வதற்கு எனக்கு முழு விளக்கு நேரம் இருந்தது. பக்கத்துக் காரிலிருந்த ஒருவன் எங்கள் காரைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினான். நான் அவனுக்குத் தலையாட்டினேன்.

"இல்லை, பிள்ளை."

விளக்கு பச்சையானது, காரை எடுத்தேன். காற்றுக்குப் பறந்த தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு, என் தோளில் மெதுவாகத் தட்டினாள்.

"பரவாயில்லை. நீங்கள் ஒருத்தர் எண்டாலும் என்னைக் கைவிடேல்லைத்தானே."