கனகசபையார் சுமக்கும் பழி

ஐங்கரத்து அண்ணலே, பொய்யைப் பொத்தி வைத்த என் நெஞ்சை இன்று ஒரு பொழுதேனும் மெய்க்குத் திறந்துவிடுவாய்.

மார்கழித் திருவாதிரை நன்னாளில், ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்து இதை எழுதுகிறேன்.

குற்றமற்ற ஒருவரைத் துரோகி என்றேன். அவர் துரோகி அல்லர் என்று அறிந்த பின்னரும் அச்சொல்லை மீட்டுக்கொள்ளவில்லை. மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அவரைக் கனகசபையார் என்று இங்கே அழைக்கிறேன். எங்கள் கோயிலில் இருபத்தொரு நாள் விநாயக விரதத்தின்போது விரதக் கதையை நான் பாட்டாகப் படிப்பேன். அவர் பயன் சொல்வார். நான் ஓர் அடியை இசையோடு நிறுத்தும் இடத்தில் அவர் அதன் பொருளை எடுத்து விரிப்பார். இருபத்தாறு ஆண்டுகள் இப்படியே. படிப்பவருக்கும் பயன் சொல்பவருக்கும் மூச்சு ஒன்றாக வேண்டும். எங்களுக்கு அது ஒன்றாகத்தான் இருந்தது...

அந்த ஆண்டு மூத்தோர் சங்கத்தார் பிரெஞ்சு பேசும் நகரங்களில் கிறிஸ்துமஸை ஒட்டிக் கூடும் நத்தார் சந்தைகளுக்கு ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்தனர். விரதத்தின் பதினான்காம் நாள். வலக்கையில் இருபத்தோர் இழைக் காப்பு, ஒருவேளை உணவு. நான் போகாதிருந்திருக்கலாம். ஆனால் என் மனைவி முப்பது ஆண்டுகள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்று உழைத்தவள். "ஒருக்கால் எண்டாலும் என்னோட வாங்கோ" என்றாள். இரண்டு நாள் படிப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துச் சென்றேன். கனகசபையாரும் வந்தார்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் வழிகாட்டிப் பெண் சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்து எங்களை எண்ணி எண்ணி நடத்தினாள். பேராலயத்தின் அடியில் வரிசையாக மரக்கடைகள். கறுவாப்பட்டை, கராம்பு, தோடம்பழத் தோல் என்று கலந்து வந்த வாசனை... ஓர் அண்டாவில் சிவந்த வைன் ஆவி பறக்கக் கொதித்தது. ஒரு மணி நேரம் விருப்பம்போல் உலாவச் சொன்னாள். பெண்கள் பொம்மைக் கடைகளின் பக்கம் போயினர். நாங்கள் இருவரும் அண்டாவின் முன் நின்றோம்.

"குளிருக்கு ஒரு வாய்" என்றேன்.

கனகசபையார் என் மணிக்கட்டைப் பார்த்தார். "காப்பு கையில கிடக்கு, அண்ணை."

"மருந்தெண்டு நினையும் காணும்."

"பிள்ளையாரிட்டயும் மருந்துச் சீட்டுக் காட்டப் போறியளோ?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. குடித்தேன். அறியாமல் அன்று, அறிந்தே. ஒரு கோப்பை அன்று, இரண்டு.

அவர் சிரிப்பு நின்றது. "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆனால் நீங்களே சுவாமிக்கு முன்னால நிண்டு சொல்லிப்போடுங்கோ" என்றார்.

மறுநாள் கொல்மார் நகரின் கால்வாய்களையும் விளக்குகளையும் காட்டினார்கள். ஒன்றும் என் கண்ணில் நிற்கவில்லை. சுவாமிக்கு முன்னாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் கோயில் நிர்வாகி என்னைத் தனியே அழைத்தார். "அண்ணை, இனி இந்த வருசம் நீங்கள் படிக்க வேண்டாம். ஏனெண்டு உங்களுக்கே தெரியும். ஆர் சொன்னதெண்டு கேக்காதேங்கோ, வாக்குக் குடுத்திட்டன்."

கேட்கவும் வேண்டுமோ? அறிந்தவர் ஒருவர்தாமே!

காட்டிக் கொடுக்கப்பட்டவனின் நெஞ்சு எப்படி எரியும் என்று நீங்கள் அறிவீர்களா? அறிந்திருந்தால் என்னைச் சற்றே புரிந்துகொள்வீர்கள். அன்னதானத்துக்கு அடியார்கள் வரிசையில் நிற்க, அவர்கள் முன்னிலையில் கனகசபையாரை மறித்தேன்.

"இருபத்தாறு வருசம் ஒரு பாயில இருந்தம். உமக்கு ஒரு கிழமை பொறுக்க ஏலாமல் போச்சோ? துரோகி."

"நான் சொல்லேல்லை, அண்ணை."

அவ்வளவே. நான் செய்ததை அவர் அங்கே உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் முகம் திருப்பியது அவரிடமிருந்துதான்.

அன்று மாலை நடந்ததைக் கேட்ட மனைவி சமையலறையில் அப்படியே நின்றுவிட்டாள். "சொன்னது நான்" என்றாள். விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் என் மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். "விரதத்தை உடைச்ச வாயால நீங்கள் படிக்க, சனம் கும்பிட்டுக்கொண்டு இருக்க... எனக்குப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சுது. போய் அந்த மனுசனிட்ட மன்னிப்புக் கேளுங்கோ."

நண்பர் காட்டிக் கொடுத்தார் என்ற வலி பெரிதா? நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள் காட்டிக் கொடுத்தாள் என்ற வலி பெரிதா? இரண்டாவது வலி இன்றும் ஆறவில்லை. அவள் செய்தது அறம் என்று என் அறிவு சொல்கிறது. நெஞ்சு ஏற்க மறுக்கிறது.

"நீர் பேசாமல் இரும். வீட்டிலயே இவருக்கு மதிப்பில்லை எண்டு சனம் சிரிக்கும்" என்றேன்.

அவள் பேசாமல் இருந்தாள். நிர்வாகியின் வாயை அவர் கொடுத்த வாக்குக் கட்டியது. என் வாயை எது கட்டியது? துரோகத்துக்கு ஆளானவன் என்ற பெயர் இனித்தது... அதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

நான் குடித்தது மெல்ல வெளியே தெரிந்தும் ஊர் எனக்காக இரங்கியது. குடித்தது சிறு பிழை, கூட இருந்து குழி பறித்ததே பெரும் பாவம் என்றனர். பிராயச்சித்தம் செய்வித்து, மறு ஆண்டே படிக்கும் இடத்தை எனக்குத் திருப்பித் தந்தனர். கனகசபையார் வரவில்லை. ரயிலேறி வேறு நகரத்துக் கோயிலுக்குப் போகிறாராம். அங்கே பின்வரிசையில், தூண் ஓரமாக இருக்கிறாராம். பயன் சொல்ல ஆளில்லாமையால் நான் படித்ததற்கு நானே பொருள் சொல்கிறேன். அடியாரை வருத்தியவர் அடையும் கதியைச் சொல்லும் இடம் வரும்போதும் என் குரல் தளர்வதில்லை. அதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

விரதம் தொடங்கும் காலைதோறும் மனைவி கேட்பாள்: "இந்த வருசமாவது சொல்லுவியளோ?"

இம்முறை "ஓம்" என்றேன். அவர் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே அவர் யாரோடோ பேசும் குரல் கேட்டது. அழைப்பு மணியில் விரலை வைத்தேன், அழுத்தவில்லை. திரும்பி வந்து, அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

அவர் பெயரை மாற்றியிருக்கிறேன். என் பெயரை எழுதவில்லை. நாளை யாரேனும் வந்து கேட்டால், இது வெறும் கற்பனை என்று சொல்லவும் கூடும் நான். ஆகவே இவ்வளவு எழுதியும் அவர் மீதுள்ள பழியில் ஓர் இம்மியும் குறையப் போவதில்லை. அதை அறிந்தே எழுதினேன்.

வாசித்த நீங்கள் அனைவரும் வாழ்க. உங்கள் இல்லத்தில் உண்மை உரைப்பவர் ஒருவர் என்றும் இருப்பாராக. உங்களுக்காக வாய் மூடி நிற்பவரை நீங்கள் ஒருபோதும் தனியே நிற்கவிடாதிருக்க இறைவன் அருள்க.