சகலையிடம் இல்லாத இம்பேக்ட் டிரைவர்

செங்கல் பொடி சூடேறும்போது ஒரு வாசம் வரும். கொஞ்சம் கரி, கொஞ்சம் மண், நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்கிற ஒரு வறட்சி. இன்று காலை எதிர் வீட்டில் ஏசி மாட்ட ஆள் வந்து சுவரைத் துளைக்கத் தொடங்கியதும் அந்த வாசம் தெருவைத் தாண்டி என் ஜன்னலுக்குள் வந்தது. எழுதிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன். இந்த வாசம் வந்தால் எனக்குச் சகலை ஞாபகம்தான் வரும். என் மனைவியின் அக்காள் புருஷன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பல வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சகலை என்பதோடு உறவு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் மனைவிக்கு அவர் அத்தை மகனும்கூட. இரண்டு பேரும் சேரன்மகாதேவியில், சொந்தக்காரர் வீடுகள் சேர்ந்திருந்த ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள். ஆற்றில் அவளுக்கு நீச்சல் பழக்கியவர் அவர். பெரியவர்கள் அக்காளுக்குப் பேசி முடித்தார்கள். தங்கைக்குப் பேசியிருந்தாலும் முறைதான், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை இதை நினைத்துப் பார்த்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். அவர் ஊருக்கு வந்து, ஒரு பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறிய அன்று அது தானாகத் திறந்துகொண்டது.

பெட்டிக்குள் இருந்தது ஒயர் இல்லாத டிரில். பதினெட்டு வோல்ட். திரைச்சீலைக் கம்பி, சாமி படம், குளியலறைக் கண்ணாடி என்று எங்கள் வீட்டுச் சுவர் ஒவ்வொன்றாக அவர் வசம் போனது. அவர் முக்காலியில் ஏறி நிற்பார். காதில் பென்சில் செருகியிருப்பார். என் மனைவி பழைய செய்தித்தாளைப் படகு மாதிரி மடித்து, துளைக்கு நேர் கீழே இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்பாள். சிவப்புப் பொடி நூல் நூலாக அதில் இறங்கும். இரண்டு தலைகளும் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு துகள் தரையில் விழாது. நான் வாசல் நிலையில் காப்பி டம்ளரோடு நிற்பேன், ஆறிப்போவதை யாராவது சொல்ல வேண்டுமே என்று.

வேலை முடிந்ததும் அவர் பெட்டியை மூடுவார், ஒரு மடக்கில் காப்பியைக் குடிப்பார், போய்விடுவார். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தது கிடையாது. அதற்காகவாவது நான் சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கோ அந்தக் காகிதம்தான் கண்ணுக்குள் நின்றது. எனக்காக அவள் அப்படி ஒன்றை ஏந்திப் பிடித்ததே இல்லை.

போன வருஷம் புரட்டாசியில் அவள் ஒரு வெள்ளைப் பலகை வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விஜயதசமியிலிருந்து வீட்டு முன்னறையில் டியூஷன் ஆரம்பிப்பதாக ஏற்பாடு. பலகை சுவரில் சாய்ந்து நின்றது.

"விஜயதசமி அன்னைக்குக் காலைல அத்தான் வந்து மாட்டித் தாறேன்னுட்டாங்க," என்றாள்.

"எதுக்கு அவரு? நான் மாட்டுதேன்."

"எத வச்சு மாட்டுவீங்க? பேனாவ வச்சா?"

சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள், எனக்கும் தெரியும். ஆனால் சில வேடிக்கைகள் சுழன்றுகொண்டே உள்ளே இறங்கும். அவர் வருவதற்கு முன்னால் அந்தப் பலகை என் கையால் சுவரேற வேண்டும், கீழே அவள் காகிதம் பிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் டிரில் பற்றிய வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். கவிதை எழுத உட்கார்ந்தால் கியர், கிளட்ச், பிரஷ்லெஸ் மோட்டார் என்று வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

"வீட்டுக்கா அண்ணாச்சி, சைட்டுக்கா?"

"வீட்டுக்கு."

"என்ன வேல?"

"ஒரு போர்டு மாட்டணும்."

"ஒரே ஒரு போர்டா?"

"இன்னும் வேல வரும்," என்றேன்.

பன்னிரண்டு வோல்ட் டிரில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "வீட்டுக்கு இது தாராளம். சுத்தியல் குறி இருக்கு, செங்கச் சுவருக்குப் போதும். முக்காலி மேல நின்னு ஒத்தக் கையால பிடிக்கலாம், கை வலிக்காது."

கைக்கு அடக்கமாக இருந்தது. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. என் சுவருக்கும் என் மணிக்கட்டுக்கும் அதுவே சரி என்று பார்த்த வீடியோ அத்தனையும் சொல்லியிருந்தன. ஆனால் சகலையுடையது பதினெட்டு.

"பதினெட்டு இல்லையா?"

"இருக்கு. கனமா இருக்குமே."

"இருக்கட்டும்."

அவர் பெரிய பெட்டி ஒன்றைத் திறந்தார். ஒரு பக்கம் டிரில், மறுபக்கம் மூக்கு சப்பையான இம்பேக்ட் டிரைவர். வித்தியாசம் எனக்குத் தெரியும். டிரில் துளை போடும். சுத்தியல் குறியில் வைத்தால் சுவரை முன்னால் குத்திக்கொண்டே சுழலும். இம்பேக்ட் சுவருக்கு ஆகாது. அது ஸ்க்ரூ முறுக்க. ஸ்க்ரூ இறுகி முரண்டு பிடித்தால் பக்கவாட்டில் தட்டித் தட்டித் திருப்பும், கை நோகாது. நாள் முழுக்கக் கட்டிலும் அலமாரியும் செய்கிறவர்களுக்கு அது வேண்டும். ஒரு பலகை மாட்டுகிறவனுக்கு டிரில்லே ஸ்க்ரூவையும் முறுக்கிவிடும். இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன்.

"வீட்டுக்காரங்க இந்த இம்பேக்ட வாங்குதாங்களா?"

"எவனும் வாங்க மாட்டான். உங்களுக்கும் சும்மாதான் கெடக்கும். ரெண்டுக்கும் ஒரே பேட்டரி சேரும், அது ஒண்ணுதான் சவுரியம். இப்பமே சொல்லிட்டேன், பெறவு வந்து என்னைச் சொல்லக் கூடாது."

"செட்டாவே குடுங்க," என்றேன்.

சகலையிடம் இம்பேக்ட் இல்லை.

டவுன் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாலத்தின் கீழே ஆறு பாறைகளுக்கு நடுவில் வழி கேட்டுக் கேட்டுப் போனது. அந்தத் தண்ணீர் சேரன்மகாதேவியைத் தாண்டி வந்த தண்ணீர் என்று ஒரு நினைப்பு வந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

இரவெல்லாம் பேட்டரி சார்ஜ் ஏறியது. காலையில் எழுந்து நேராகச் சுவரிடம் போனால், அவள் வீடு கழுவி, அரிவாள்மணை, கத்தரிக்கோல், திருப்புளி எல்லாவற்றையும் துடைத்துச் சாமி முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பூஜ அன்னைக்கு ஆயுதத்த எடுத்து வேல செய்யுதீங்களே. இங்கன கொண்டு வைங்க."

"ஒரு நிமிஷ வேலதான்."

"நாளைக்கு மறுபூஜ முடிஞ்சாத்தான் எடுக்கணும். அத்தானே இன்னைக்கு டிரில்லத் தொட மாட்டாங்க."

அத்தானே. அந்த ஏகாரத்தோடு பகல் முழுவதும் இருந்தேன். இருந்தாலும் ஒரு நிம்மதி. சாமி இரண்டு பேர் கையையும் ஒரே நேரத்தில் கட்டிப்போட்டிருக்கிறார். பெட்டியோடு வைத்தால் ஒரு சாமானாகத் தெரியுமே என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி வைத்தேன். டிரில், இம்பேக்ட், இரண்டு பேட்டரி, சார்ஜர், பிட்டுகள். என் புத்தகங்களும் பேனாக்களும் ஓரத்துக்கு ஒதுங்கின. அவள் குழைத்த சந்தனத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள், நடுவில் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

விஜயதசமிக் காலையில் மறுபூஜைக்குக் கற்பூரம் அணைவதற்குள் பேட்டரியை எடுத்து டிரில்லில் மாட்டினேன். விசையை அழுத்தினேன். சத்தமே இல்லை. அடுத்த பேட்டரி. அதுவும் இல்லை. இம்பேக்ட்டில் போட்டுப் பார்த்தேன். சுழலவில்லை, விளக்குக்கூட எரியவில்லை. கடைக்காரரைச் சபித்தேன். தெருவில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் சகலைதான் என்று ஜன்னலுக்கு ஓடினேன்.

சுண்டல் தட்டோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பேட்டரியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மேலே, மின்சாரம் பாயும் உலோகப் பற்களின் இடுக்கில் சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. அவள் வைத்த பொட்டு. கழற்றி வைத்தது நான்.

"சாமிக்குத் தூக்கம் கலையல போல," என்று சிரித்தாள்.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பைய சுரண்டி எடுத்தாள். அவள் ஊதினாள், நான் துணியால் துடைத்தேன். மாட்டியதும் டிரில் உறுமியது. அவள் சொல்லாமலே செய்தித்தாளை எடுத்து மடித்தாள்.

முக்காலியில் ஏறினேன். கனம் மணிக்கட்டை இழுத்தது. கீழே அவள் இரண்டு கையாலும் காகிதம் பிடித்திருந்தாள். பொடி இறங்கியது. பாதி அவள் தலைமுடியில் விழுந்தது, அவள் நகரவில்லை. அந்தச் சூட்டு வாசத்தில், அந்த இரைச்சலில், உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிளாஸ்டிக் முளையைத் தட்டி இறக்கி, இம்பேக்ட்டால் ஸ்க்ரூவை முறுக்கினேன். கடகடவென்று அது அலறியதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பலகை நின்றது. ஒரு பக்கம் ஒரு நூல் இறக்கம். யாருக்கும் தெரியாது.

சகலை வந்தார். கையில் பச்சைப் பெட்டி, அதிலும் சந்தனப் பொட்டு. பலகையைப் பார்த்தார். தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்த ஒரு நூல் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாத்தான் மாட்டியிருக்கீரு வே," என்றார். இம்பேக்ட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "நல்ல சாமான். எங்கிட்ட கூட இல்ல."

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தது, அவ்வளவுதான், இனிக்கவில்லை. ஏனென்றால் அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைச் சுவரோரம் தள்ளி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்பமும் வந்த உடனே ஓடுவீங்களே அத்தான்," என்றாள் அவள்.

"வேல முடிஞ்சா என்னத்துக்கு ஒக்காரணும்னு போயிருவேன். இன்னைக்குத்தான் வேலயே இல்லயே."

அவளும் எதிரே உட்கார்ந்தாள், தலையில் செங்கல் பொடியோடு. பேச்சு ஆற்றுக்குப் போனது. எந்தப் பாறையிலிருந்து குதித்தார்கள், எந்த மாமா கம்பெடுத்துக்கொண்டு வந்தார், யாருடைய பாவாடை தண்ணீரோடு போனது.

"ஏட்டி, மூக்கு வழியா தண்ணி குடிச்சிட்டு ஆத்தையே காலி பண்ணிட்டேன்னு அழுதியே, மறந்துட்டியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. ஏட்டி என்று அவளை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் நாடகம் மாதிரி இருக்கும். நான் மறுபடியும் வாசல் நிலையில் நின்றேன். இந்தத் தடவை காப்பி அவர்கள் கையில், சுடச்சுட. இவ்வளவு காலமும் அவரைச் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தது அந்த டிரில்தான். பெட்டி மூடினால் அவர் கிளம்பியாக வேண்டும். அந்தக் கணக்கை நானே போய்ப் பதினெட்டு வோல்ட்டில் கலைத்துப் போட்டிருக்கிறேன்.

டியூஷன் பிள்ளைகளின் சைக்கிள்கள் வாசலில் சேரத் தொடங்கியதும்தான் எழுந்தார். மூவரும் கேட் வரை நடந்தோம். ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியை வைத்தார்.

"இனிமே வேல இருந்தாத்தான் வரணும்னு இல்ல அத்தான்," என்றாள் அவள். "சும்மாவும் வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "என்ன சகல, வரலாமா?"

"எப்ப வேணும்னாலும் வாங்க அண்ணாச்சி," என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம வாறேன் வே."