கைப்பிடியில் ஒரு கை

இஞ்சின் படத்தில் ஆள் நின்றால் எனக்குப் பிடிக்காது. சக்கரத்தை மறைப்பார்கள், எண்ணை மறைப்பார்கள், போதாக்குறைக்குச் சிரித்து வேறு வைப்பார்கள். மாவட்டம் பிரிந்த சமயத்தில் வேலூரிலிருந்து மாற்றலாகித் திருவண்ணாமலைக்கு வந்தவன் நான். ஊரே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், நான் ஸ்டேஷனில் போய் நிற்பேன். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் பாசஞ்சரை அப்போது நீராவி இஞ்சின்தான் இழுத்து வந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி, வழியில் நிற்கிறவர்களை எல்லாம் நகரச் சொல்லிவிட்டுப் படம் எடுப்பேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாடெங்கும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். தபாலில் பழைய படங்களை அனுப்பிக்கொள்வோம். இது எந்தக் கம்பெனியின் இஞ்சின், எந்த ஷெட்டில் இருந்தது, கண்டுபிடி என்பார்கள். புகைபோக்கியின் உயரம், விளக்கு இருக்கும் இடம், படிக்கட்டின் வளைவு என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்துவரும் டெண்டரில் மட்டும், வண்டி எந்த ரயில்வேயுடையது என்று எழுத்திலேயே போட்டிருக்கும். ஆபீசில் எனக்குக் கரி ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கோபப்படுவதுபோல் காட்டிக்கொள்வேன், உள்ளுக்குள் பிடித்திருந்தது.

எங்கள் செக்‌ஷனில் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு நாள் மதிய இடைவேளையில் தன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவர் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. போன புதிதில் ஒரு கவர் வந்ததாம். கடிதம் இல்லை, முகவரி இல்லை, முத்திரையும் அழிந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு படம், மூன்று விரல் அகலத்தில். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ஓட்டுநர் அறையின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு ஆள் இஞ்சின் மேல் நின்றிருந்தார். எண் இருக்க வேண்டிய இடத்தை அவர் தோள் மறைத்திருந்தது.

"இது எந்த ஊரு வண்டின்னு சொன்னீங்கன்னா போதும் சார். நாங்க போயி கூட்டிக்கினு வந்துடுவோம்" என்றார் அந்த அம்மா.

செக்‌ஷனே டிபன் பாக்ஸை மூடிவிட்டு என் மேஜையைச் சுற்றி நின்றது. டிராயரில் லென்ஸ் இருந்தது. எடுக்கவில்லை. ஒரே பார்வையில் சொல்ல வேண்டும் என்ற திமிர்தான். டெண்டரில் எழுத்து தெரிந்தது. எங்கள் பக்கத்து ரயில்வேயுடையது இல்லை, கர்நாடகப் பக்கத்தது. மீட்டர் கேஜ், இந்த வகை இஞ்சின், இந்த எழுத்து என்றால் ஒரே ஒரு பெரிய ஷெட்தான். ஊர் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை இன்றுவரை நான் வாயால் சொல்வதில்லை.

இஞ்சின் நன்றாக விழுந்திருந்ததால் ஸ்டுடியோவில் கொடுத்து எனக்கும் ஒரு காப்பி போட்டுக்கொண்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் நண்பர் லீவு போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனார். ஷெட்டு வாசலில் படத்தைக் காட்டிக் காட்டி மூன்று நாள் நின்றிருக்கிறார். கடைசியில் ஒரு வயதானவர் படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, கரி அள்ளுகிற வேலையில் இப்படி ஒரு தமிழாள் இருந்தான், மஞ்சள் காமாலையில் போய்விட்டான் என்றிருக்கிறார். பெயர் தெரியாதாம். மூன்று விரல் அகலப் படத்தில் துண்டு கட்டிய எந்த ஆளும் எந்த ஆளாகவும் இருக்கலாம். ஆனால் இஞ்சின் அந்த ஊருடையது என்று நான் சொல்லியிருந்தேனே. அதன்மேல் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

தை மாதம் ஏரிக்கரையில் தர்ப்பையால் ஒரு உருவம் செய்து கொள்ளி வைத்தார்கள். பதினாறாம் நாள் என்னையும் அழைத்தார்கள், போனேன். அந்த அம்மா உள்ளறையில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை. வெளியே வந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். உள்ளது தெரிந்ததே, அந்த மட்டில் நல்லது என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அப்புறம் நீராவி நின்றது, டீசல் வந்தது. எங்கள் ஆபீசும் ஊருக்கு வெளியே வேங்கிக்காலுக்குப் போனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, இந்தப் பாதையையே அகலப்பாதையாக மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, இருக்கிற படங்களையெல்லாம் ஸ்கேன் செய்துவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு எடுத்துப் போனேன். பட்டப்பகல். திரையில் அந்தச் சின்னப் படம் சுவர்க் காலண்டர் அளவுக்கு விரிந்தது. ஓட்டுநர் அறை ஜன்னலுக்குக் கீழே தகரத்தில் ஒரு ஒட்டு. தோசை பாதியாய் மடித்த மாதிரி வடிவம், சுற்றிலும் ஆணிகள், ஒன்று விழுந்து ஓட்டை. அந்த ஒட்டு எனக்குத் தெரியும்.

பெட்டியைக் கிளறினேன். நம் ஸ்டேஷனில் நானே எடுத்த படம். அதே ஒட்டு, அதே விழுந்த ஆணி. விழுப்புரம் ஷெட்டு இஞ்சின் அது. டெண்டர்தான் வேறு. பழுது பார்க்கப் போகும்போது டெண்டரைக் கழற்றிவிட்டு, எது தயாராக இருக்கிறதோ அதை மாட்டி அனுப்புவார்கள். எழுத்தை மாற்றி எழுதச் சாவகாசமாக ஒரு நாள் வரும். டெண்டரை நம்பாதே என்பது எங்களுக்கு அரிச்சுவடி. அதை நானே பத்துப் பேருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

என் படத்தில் இஞ்சின் முழுசாக இருந்தது. ஆள் இல்லை. ஓட்டுநர் அறையின் கைப்பிடியை உள்ளேயிருந்து பிடித்தபடி ஒரு கை மட்டும் இருந்தது. பார்த்ததும் அந்தக் காலை நேரம் அப்படியே திரும்பி வந்தது. துண்டு கட்டிய ஒருவர் வெளியே சாய்ந்து நின்றார். "கொஞ்சம் உள்ள போங்க" என்று கத்தினேன். மறுபேச்சு பேசாமல் போய்விட்டார். முகத்தை நான் பார்க்கவே இல்லை. படத்தின் பின்னால் என் கையெழுத்தில் மாதம், வருஷம். அந்த அம்மாவின் தாலியைக் கழற்றியது தை. நான் படம் எடுத்தது அதற்கு அடுத்த மாசி.

விழுப்புரம் போனேன். ஷெட்டில் புல் முளைத்திருந்தது. பழைய ஆட்கள் இருவரைத் தேடிப் பிடித்தேன். பெரிதாக்கிய படத்தைப் பார்த்ததும் இரண்டு பேருமே அந்த அம்மாவின் கணவர் பெயரைச் சொன்னார்கள். தினக்கூலி ஆள், நீராவி நின்றதும் எங்கே போனாரோ தெரியாது என்றார்கள். வீட்டைப் பற்றி வாயே திறக்க மாட்டாராம்.

நண்பரிடம் சொன்னேன். "இப்ப சொல்லி என்ன சார் ஆவப் போவுது? அண்ணி பாடு ஒரு வழியா ஓடிக்கினு இருக்குது. விட்டுடுங்க" என்றார். விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கை என்னை விடவில்லை. ஆபீசில் ஃபைலைத் திறந்தால் இருந்தது, சோற்றில் கை வைத்தால் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அந்த அம்மா களத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. படத்தைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸை எடுக்காததைச் சொன்னேன். விழுப்புரத்தைச் சொன்னேன். தை மாதத்தையும் மாசி மாதத்தையும் சொன்னேன். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, படத்தில் இருந்த கையைத் தொட்டுப் பார்த்தார்.

"அவுரு கைதான்" என்றார். "மூஞ்சி எங்க?"

"நான்தாங்க உள்ள போகச் சொன்னேன்."

"எதுக்கு சார் போவச் சொன்னீங்க?"

இஞ்சின் நல்லாத் தெரியட்டும்னுதான் என்றேன். அதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.