இடப்பக்கத்துக் காடு

விசில் என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று சீருடையைத் திருப்பிக் கொடுத்தார், டிக்கெட் பையைத் திருப்பிக் கொடுத்தார், விசிலை மட்டும் மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்பது அவர் சொல்லும் கதை. கழுத்தில் தொங்குவதை ஒரு மனிதன் எப்படி மறப்பான் என்று டிப்போவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் வீட்டிலும் அதே சட்டம்தான்: ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. அவர் மனைவி ஒரு விசிலுக்கும் நின்றதில்லை, இரண்டு விசிலுக்கும் கிளம்பியதில்லை. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடை தைப்பவர்; மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

விசிலின் பஸ் போகும் வழியில் ஒரு காடு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் அதற்குள் நாற்பது நிமிஷம் ஓடும். நடுப்பகலில்கூட உள்விளக்கைப் போட்டால்தான் டிக்கெட் கிழிக்க முடியும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மர ஆலைக்கு வேண்டிய ஒரே ஜாதி மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். முப்பத்தைந்து நிமிஷமானது, இருபதானது, பதினொன்றானது. ஜன்னலோரத்தில் தூங்கிய பயணிகளுக்கு எல்லாம் பச்சைதான். கண்டக்டருக்குத்தானே நேரம் மண்டையில் ஓடும். அவர் ஓய்வு பெற்ற வருஷம் பழைய காடு நான்கே நிமிஷம். புது மரங்களுக்கு அடியில் புல்கூட முளைப்பதில்லை. வழி தவறி வரும் பறவையும் வீடு மாறி வந்த விருந்தாளி மாதிரி அவசரமாகத் திரும்பிப் போய்விடும்.

அந்த நான்கு நிமிஷத்தையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று விசில் கங்கணம் கட்டிக்கொண்டார். ஜனங்களை உள்ளே கூட்டிவந்து தங்கவைத்து, காட்டில் விளைந்ததைப் பறித்துத் தின்னவைத்தால், அப்புறம் அதை வெட்ட விடுவார்களா? மனைவி நான்கு கூடாரம் தைத்துக் கொடுத்தார். 'கூடாரத்தில் தங்கலாம், காட்டு உணவை நீங்களே தேடி எடுக்கலாம்' என்று பஸ் ஸ்டாண்டில் போர்டு வைத்தாயிற்று. அது கோடை விடுமுறை.

முதல் முகாமுக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். கையில் ஆளுக்கொரு கூடை. நாலு மணி நேரம் சுற்றினார்கள். கோடையில் காடு காய்ந்து கிடந்தது. கூடைக்குள் விழுந்ததெல்லாம் சருகுதான். சாயங்காலம் கொண்டுவந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் சொன்னாள்: "காட்டுல ஒண்ணுமே இல்லையே சார். அப்புறம் எதுக்கு இது சும்மா கிடக்கு?"

அவள் கெட்டவள் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் விசிலுக்கு அது சுருக்கென்று தைத்தது. இவ்வளவு வருஷம் பார்த்துப் பார்த்துப் பொத்திய ஒன்றை ஒரே வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டாளே என்று மனசு ஆறவில்லை.

அடுத்த முகாமுக்கு முந்தைய நாள் மச்சினனின் காய்கறிக் கடையில் போய் நின்றார்.

"மாப்ளே, காளான் ஒரு கால் கிலோ குடு. அப்படியே கொஞ்சம் திராட்சை."

"யாருக்கு மாமா? அக்காவுக்கா?"

"காட்டுக்கு."

மச்சினன் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு விசில் ஊதுவார் என்று தெரியும்.

இப்படி ஆரம்பித்ததுதான். முகாம் நாளில் விடிந்தும் விடியாததுமாக விசில் ஒரு பையோடு காட்டுக்குள் போவார். காளானைத் தீக்குச்சியால் குத்தி மண்ணில் நிறுத்துவார். பழத்தைப் பச்சை நூலால் செடியில் கட்டுவார். பாதை முனையில் ஒரு முள்ளில்லாத புதர் நின்றது. பூக்காது காய்க்காது, ஒன்றுக்கும் உதவாத தண்டச் செடி. ஆனால் கிளை கைக்கு எட்டும் உயரம், கட்டுவதற்கு ரொம்ப வசதி. அதற்கு 'ஹேங்கர்' என்று பெயரே வைத்துவிட்டார்.

வைப்பதெல்லாம் பாதையின் இடப்பக்கம்தான். அவரைக் கேட்டால் காரணம் தெரியாது. இருபத்தாறு வருஷம் பஸ் படிக்கட்டில் இடப்பக்கமாகவே இறங்கிய கால். காட்டிலும் அந்தப் பக்கமே இறங்கியது. வந்தவர்கள் குதியாட்டம் போட்டார்கள். "சார், இங்க பாருங்க! காளான்!" என்று கத்துவார்கள். விசில் ஓடிவந்து, "அடடே, உங்களுக்கு நல்ல கண்ணு" என்பார். முகத்தில் ஒரு நடிப்பு தெரியாது.

கண்டக்டர் புத்தி எங்கே போகும்? எல்லாவற்றுக்கும் நோட்டு போட்டார். கண்ட பொருள், கண்ட நேரம், எந்தப் பக்கம், கண்டவர் கையெழுத்து. நாலு வருஷத்தில் இருநூற்றுப் பதினாறு வரி நிறைந்தது. ஒரு தடவை கடையில் காளான் தீர்ந்துபோய், மச்சினன் பேபி கார்னைப் பையில் போட்டு அனுப்பிவிட்டான். வேறு வழியில்லாமல் அதையும் மண்ணில் நட்டார். ஒரு வாத்தியார் அதைத் தோண்டி எடுத்து, கண்ணில் நீர் மல்க எழுதினார்: 'கூம்பு வடிவ மஞ்சள் பூஞ்சை. இனிப்புச் சுவை. அபூர்வம்.'

இது இப்படியே போயிருக்கும். போன மாதம் வனத்துறையிலிருந்து கடிதம் வந்தது. அந்த நான்கு நிமிஷக் காடு 'பயனற்ற புதர்க்காடு'. அதை அழித்து ஆலை மரம் நடப்போகிறோம். ஆட்சேபம் உண்டென்றால் இந்த மண்ணுக்கே உரிய, உண்ணத்தக்க வகைகள் குறைந்தது பன்னிரண்டு அங்கே இருப்பதாக நிரூபிக்க வேண்டும். விசிலுக்கு ஆத்திரத்தில் நிதானம் தப்பியது. நோட்டு முழுவதையும் நகலெடுத்துத் தபாலில் போட்டார். போட்ட கை ஈரம் காய்வதற்குள்தான், தான் அனுப்பியது என்னவென்று உறைத்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் ஆய்வாளர் வந்து இறங்கினாள். சின்ன வயசுப் பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கக்கத்தில் நோட்டின் நகல். மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சார், எங்க ஆபீஸே அசந்து போச்சு. இத்தனூண்டு காட்டுல இத்தனை வகையா? முதல்ல அந்த மஞ்சள் பூஞ்சையைக் காட்டுங்க. நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் அது இல்ல."

விசிலின் முகத்தில் ஈயாடவில்லை. "அது... மழைக்கு வராது மேடம்."

"பூஞ்சை மழைக்கு வராதா?"

"வெட்கப்படும்."

மெஷின் நின்றது. அவள் நகலைப் புரட்டினாள். "கொட்டையில்லாத திராட்சைன்னு பதினேழு இடத்துல இருக்கே. காட்டுத் திராட்சைக்குக் கொட்டை இல்லாம எப்படி சார்?" அவள் குரலில் இருந்த சந்தோஷம் மெதுவாக இறங்கியது. "ஒண்ணு சொல்லிடறேன். இதுல ஒரு வரி பொய்னாலும் முழு நோட்டும் செல்லாது. நான் அப்படித்தான் எழுதணும்."

வாசலில் மச்சினன் கையில் பையோடு நின்று, ஓடட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். இப்போது தலையசைத்தால் அரை மணியில் காட்டில் எல்லாம் விளைந்துவிடும். விசில் தலையைத் தூக்கவில்லை.

மனைவி எழுந்து வந்தார். மேஜை மேல் ஒரு நூல்கண்டை வைத்தார். பச்சை நூல். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

"நான் தைக்கறதெல்லாம் நீல யூனிஃபார்ம்" என்றார். "நாலு வருஷமா பச்சை நூல் மட்டும் தீருது. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? சொல்லிடுங்க."

விசில் சொல்லிவிட்டார். காளான், தீக்குச்சி, நூல், பேபி கார்ன், எல்லாவற்றையும். "காட்டுல ஒண்ணுமே இல்லன்னு ஒருத்தி சொல்லிட்டா மேடம். அது எனக்குப் பொறுக்கல. நான் செஞ்சது தப்புதான். ஆனா என் தப்புக்குக் காட்டை வெட்டிடாதீங்க."

ஆய்வாளர் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நூல்கண்டையே பார்த்தாள். பிறகு நகலை மூடினாள். மூடியது விசிலுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"இதுல எது நீங்க வெச்சது, எது தானா இருந்ததுன்னு எப்படிப் பிரிக்கறது?"

"இடப்பக்கம் மேடம்" என்றார் விசில் அவசரமாக. "வெச்சதெல்லாம் இடப்பக்கம். வலப்பக்கம் ஒரு நாளும் ஒண்ணும் வெச்சதில்ல. இவ மேல சத்தியம்."

"என் மேல எதுக்கு? உங்க விசில் மேல பண்ணுங்க" என்றார் மனைவி.

ஆய்வாளர் நகலைத் திரும்பத் திறந்தாள். சிவப்புப் பேனாவால் இடப்பக்கத்து வரிகளையெல்லாம் அடித்தாள். அடிக்க அடிக்கப் பக்கம் பக்கமாகச் சிவந்தது. கடைசியில் மிஞ்சியது ஏழு வரி.

"ஏழுதான். பன்னிரண்டு வேணும். நாலு மணிக்கு எனக்கு ஜீப் வருது. பழைய நோட்டை மறந்துடறேன். என் கண்ணால பார்க்கறதை மட்டும் எழுதுவேன். வர்றீங்களா?"

கடையைச் சாத்திவிட்டு மச்சினனும் வந்தான். அவன் பையை மனைவி வாங்கி வாசலிலேயே மாட்டிவிட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் கால் வைத்ததும் விசிலுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது, வெட்கமாகவும் இருந்தது. இந்தப் பாதையில் நாலு வருஷமாக நடக்கிறார், ஒரு முறையாவது தாமாக வலப்பக்கம் திரும்பியதில்லை. வைத்த பொருள் விழுந்துவிடாமல் இருக்கிறதா என்பதிலேயே கண். வந்தவர்களையும் அந்தப் பக்கமே ஓட்டிப் போய்விட்டார்; அந்த ஏழு வரியும் அவர் கண்ணுக்குத் தப்பி வலப்பக்கம் போனவர்கள் எழுதியது. மழைக்காலத்தில் முகாமும் கிடையாது, கூடாரம் நனையும் என்று. காடு பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் இவர் வீட்டில் போர்வைக்குள் இருந்திருக்கிறார்.

ஆய்வாளர் வலப்பக்கம் இறங்கினாள். நோட்டில் இருந்த ஏழும் பத்தரைக்குள் அகப்பட்டன. பட்டுப்போன மரத்தில் காது மடல் போல ஒரு காளான். தொட்டால் ஜில்லென்று இருந்தது. அது எட்டு. பாறை இடுக்கில் புளிப்பு இலை ஒன்பது. மனைவி ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டே போய்க் கிழங்கைக் கண்டுபிடித்தார். நூல் முடிச்சை அவிழ்க்கும் அதே பொறுமை. மதியத்துக்கு மேல், மச்சினன் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே மரத்தின் அடிப்பாகத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்த குட்டி அத்திப்பழங்களைப் பார்த்தான். "நான் விழுந்ததையும் எழுதிக்கோங்க மேடம்" என்றான். அது பதினொன்று.

அதன் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு மணி, மூன்று மணி. விசில் சேற்றில் முழங்கால் போட்டுத் தேடினார். ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்த்தார். மூன்றே முக்காலுக்கு ரோட்டில் ஜீப் ஹாரன் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் குறையுது சார்" என்றாள் ஆய்வாளர். அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "ஆனா பதினொண்ணைப் பன்னிரண்டுன்னு என்னால எழுத முடியாது."

"எழுத வேணாம் மேடம்" என்றார் விசில். முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டு எழுந்தார். "பொய் எழுதினது போதும்."

திரும்பி நடந்தார்கள். பாதை முனைக்கு வந்ததும் ஆய்வாளர் சட்டென்று நின்றாள். இடப்பக்கம் ஒரு புதர் நிறைய, கறுநீலமாக, பட்டாணி அளவில் பழம். காலையில் வலப்பக்கமே பார்த்து இறங்கியதில் யார் கண்ணிலும் அது படவில்லை.

"சார்! அது என்ன?"

விசில் பார்த்தார். ஹேங்கர். அவமானத்தில் காது மடல் சுட்டது. மச்சினன் பக்கம் திரும்பினார். "ஏண்டா மாப்ளே, வேணாம்னு தானே இருந்தேன்? எப்போ வந்து கட்டின?"

"நானா? நான் காலையிலிருந்து உங்க கூடத்தானே மாமா இருக்கேன்!"

"பொய் சொல்லாத. மேடம், அதை விடுங்க. அது கடைச் சரக்கு. இந்தச் செடி காய்க்கவே காய்க்காது, எனக்கு நல்லாத் தெரியும். நாலு வருஷமா இதுலதான் கட்டறேன்." அவர் நேராகப் புதருக்குப் போனார். "இப்பவே காட்டறேன், பாருங்க, நூல் இருக்கும்."

ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தார். நூல் இல்லை. அடுத்ததைத் தூக்கினார். இல்லை. அடிக்கிளையில் போன கோடையில் அவர் கட்டிவிட்டு அவிழ்க்காத பச்சை முடிச்சு ஒன்று வெளுத்துப்போய்க் கிடந்தது. அந்த முடிச்சுக்கு ஒரு விரல் தள்ளி, கிளையிலிருந்தே நேராகக் காம்பு விட்டு, பழம் தொங்கியது. இழுத்தார். வரவில்லை. பழுத்த பழம் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாது. அவர் கட்டியவை எல்லாம் தொட்டதும் வந்துவிடும்.

"ஏங்க, நூல் எங்க?" என்றார் மனைவி பின்னாலிருந்து.

விசில் இரண்டு கையாலும் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு, நனைந்த இலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. மனைவி போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார், கிண்டல் பண்ணவில்லை.

ஆய்வாளர் இலையைப் புரட்டினாள், பழத்தைப் பிளந்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். நீளமாக ஏதோ ஒரு பெயர் சொன்னாள். மழைக்குத்தான் காய்க்கும் என்றாள்; இந்த மண்ணை விட்டால் வேறு எங்கும் கிடையாது என்றாள். "பன்னிரண்டு" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு சார்?"

விசில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். "ஹேங்கர்" என்றார்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். ஜீப் மறுபடி ஹாரன் அடித்தது. அவள் அவசரமாகத் தாளை அவரிடம் நீட்டினாள். அவருடைய நோட்டில் இருந்த அதே கட்டங்களைத்தான் அவளும் போட்டிருந்தாள். கண்ட நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. எந்தப் பக்கம் என்ற இடத்தில் 'இடது'. கண்டவர் கையெழுத்து காலியாக இருந்தது.

"மேடம், முதல்ல பார்த்தது நீங்கதானே?"

"நான் தூரத்துல இருந்து பார்த்தேன். கட்டினது இல்ல, காய்ச்சதுன்னு கண்டுபிடிச்சது நீங்க."

நாலு வருஷத்தில் இருநூற்றுப் பதினாறு தடவை அந்தக் கட்டத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார் விசில். ஒரு தடவைகூட அவர் போட்டதில்லை. பேனாவை வாங்கினார். கட்டத்தில் தன் பெயரை எழுதினார்; எழுத்து கோணலாக வந்தது. ஜீப் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் விசிலை வாயில் வைத்தார். இரண்டு தடவை ஊதியும் காற்றுதான் வந்தது.

அவர் மனைவி முதல் முறையாக அந்த இரண்டு விசிலுக்குக் கிளம்பினார்.