சரக்குக் கொட்டகையின் கூரை

என் கணவர் மாட்டு டாக்டராக இருந்தவர். சினை மாட்டின் வயிற்றுக்குள் வலது கையை விட்டு, கன்று எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். ஒரத்தநாட்டைச் சுற்றி அந்தக் கை படாத தொழுவம் குறைவு. ஓய்வு பெற்றதும் அந்தக் கை பொம்மை ரயிலுக்குத் தாவியது. முன் அறையில் பலகை போட்டுத் தண்டவாளம், வாய்க்கால், வயல், ஸ்டேஷன் என்று ஓர் ஊரையே கட்டினார். பேரன் எடுத்த வயதில் பொம்மை கேட்கிறதா என்று நான் கேலி செய்யாத நாளில்லை.

அந்தப் பொம்மை ஸ்டேஷனின் சரக்குக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பி முடித்த வாரம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. நாலு மாதம் கழித்து அவராகவே அந்தப் பலகை முன் போய் உட்கார்ந்தார். கூரை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஐஸ் குச்சிகளை நான் பிளேடால் மெல்லிசாகப் பிளந்து கொடுப்பேன்; அவர் இடது கையால் பசை தொட்டு அட்டைமேல் ஒவ்வொன்றாக ஒட்டுவார். ஒரு நாளைக்கு நாலு குச்சி நகர்ந்தால் பெரிது. கூடமாட நின்றால் பிடிக்காது. "நீ போ டீச்சர்" என்று விரட்டுவார்.

முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கோடு கோணினால் எனக்குக் கை அரிக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மகள் வருவதாக இருந்தது. அதற்குள் கூரை முடிந்தால் அவருக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன். அதோடு, அந்த முக்கால் கூரை என் கண்ணையும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை என் தம்பி அவரைக் கைப்பயிற்சிக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போனான். நான் கூரை முன் உட்கார்ந்தேன். வரிசை ஓரளவு நேராகத்தான் இருந்தது. கடைசி இரண்டு குச்சிகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பசை வழிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டேன். ஸ்கேல் வைத்து மீதியை ஒட்டி வார்னிஷும் அடித்தேன். குப்பை வண்டி வந்தது, கொட்டிவிட்டு வந்தேன்.

மதியம் திரும்பியவர் கூரையைப் பார்த்தார். பாராட்டுவார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஓரத்தை இடது விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கோணலாக இருந்த இரண்டும் எங்கே என்று கேட்டார். எடுத்துப் போட்டுவிட்டேன் என்றேன்.

"அது ரெண்டும் வலது கையால ஒட்டுனது."

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போயிருந்தபோது அந்த விரல்கள் முதல்முறையாக அசைந்திருக்கின்றன. அதற்குப் பிறகு நான் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த இரண்டையும் ஒட்டியிருக்கிறார்; ஒரு குச்சி வைக்க ஒரு மணி நேரம் ஆனதாம். மகள் வந்ததும் காட்டலாம் என்று மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். திக்கித் திக்கி இதைச் சொல்லி முடித்தார். தெருவுக்கு ஓடினேன். வண்டி எப்போதோ போயிருந்தது. அழுவதற்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது.

புதிதாக இரண்டு குச்சிகளைப் பிளந்து அவர் வலது கைக்குப் பக்கத்தில் வைத்தேன். எப்படி வேண்டுமானாலும் ஒட்டுங்கள், இனிமேல் தொடவே மாட்டேன் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எங்க ஒட்டுறது டீச்சர்?" என்றார்.

ஒரு குச்சிக்கும் இடமில்லாமல் கூரையை நான் முடித்து வைத்திருந்தேன்.