தண்ணி வந்திருச்சு

பர்மாவில் எண்ணெய்க் கிணற்று வேலை பார்த்தவன் நான். அங்கே எவனாவது "தண்ணி வந்திருச்சு" என்று கத்தினால் அது இழவுச் செய்தி மாதிரி. கிணறு கிழடு தட்டிவிட்டால் எண்ணெயோடு தண்ணீரும் ஏறும். "தண்ணி நமக்கே தண்ணி காட்டுதுடா" என்போம். மேல்மண்ணிலிருந்து கசிகிறதா, அடியிலிருந்து ஊறுகிறதா என்று முதலில் பார்க்கணும். மேலே என்றால் குழாயைச் சுற்றிக் களிமண். அடியில் என்றால் சிமிண்டு. என் கிணறு எதற்கும் மசியவில்லை, வேலை போயிற்று. பெண்சாதியோடு மலாயாவில் இருக்கிற ஜொகூருக்குக் கப்பலேறி, ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வந்து விழுந்தேன்.

இங்கே சங்கடம் நேர்மாறு. நாங்கள் குடியிருந்த கூலி வீட்டு வரிசையை லயம் என்பார்கள்; அந்த லயத்துக் கிணறு இடிந்து தூர்ந்து கிடந்தது. குடிதண்ணீருக்கு மேடு இறங்கி ஓடைக்குப் போகணும். என் பெண்சாதிக்கோ நிறைமாதம். ஒருநாள் குடத்தோடு வழுக்கி விழுந்து, கையை ஊன்றித் தப்பித்தாள். "பிள்ளை ஓடைக்கரையிலதான் பொறக்கும்போல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கங்காணி புதுக்கிணறு வெட்டச் சொன்னார். குழிக்குள் இறங்கியவர் எனக்கு மூத்தவர், வாய்த்துடுக்கான மனுஷர்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மேலே நின்று மண்கூடை இழுத்தவன் நான். ஆளுயரம் வெட்டுமுன்னே கீழேயிருந்து குரல்: "தண்ணி வந்திருச்சு!"

பழக்கதோஷம். கூடையைப் போட்டுவிட்டு, "அடைங்க! களிமண்ணு கொண்டாங்க!" என்று கத்திவிட்டேன்.

லயமே சிரித்தது. "யோவ் பர்மாக்காரரே, தண்ணிக்குத்தானய்யா கெணறு வெட்டுறோம்! எண்ணெய் வேணும்னா கடைக்குப் போங்கய்யா!"

முதல் வாளி மேலே வந்தது. தேத்தண்ணி மாதிரிச் சிவப்பு, சதுப்புக்காட்டு வாடை. சிரிப்பு நின்றது. "மூடிருங்க, இங்கே ஆவாது" என்றார் கங்காணி. என் கண்ணில் ஓடை மேடும் அவள் வயிறும்தான் நின்றன.

"எந்தப் பக்கமிருந்து வருதுண்ணே?"

"பக்கவாட்டுல, வேருக்குள்ளேருந்து. அடிமண்ணு கெட்டியாத்தான் இருக்கு."

"அப்ப மேல்தண்ணி. அடைக்கலாம்."

அண்ணாந்து பார்த்தார். "சரி, உம்ம பர்மா வித்தையையும்தான் பாத்துருவோம்."

கங்காணியும் தலையாட்டினார். அடி கழற்றிய மரப்பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, வெளிச்சுற்றில் களிமண்ணைப் போட்டு இடித்தோம். சிரித்த அத்தனை பேரும் மண் சுமந்தார்கள். பெண்கள் மிதித்துப் பிசைந்து கொடுத்தார்கள். கேலி மட்டும் நிற்கவில்லை, வேலையும் நிற்கவில்லை. சிவப்புத் தண்ணீரை இறைத்துவிட்டு, அண்ணன் பீப்பாய்க்குள்ளிருந்தே கீழே தோண்டினார். களி போய் வெள்ளை மணல் வந்தது.

"தண்ணி வந்திருச்சு! பர்மாக்காரரே, அடைக்கவா?"

கண்ணாடி மாதிரித் தண்ணீர். முதல் குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் மோந்து பார்த்து, "எண்ணெய் வாடை இல்லியே" என்று என்னைச் சீண்டிவிட்டு, ஒரு செம்பு முழுக்கக் குடித்தாள். அதன்பிறகு அவள் ஓடைக்குப் போகவே இல்லை.

அந்த லயத்து ஜனங்களை நினைத்தால் கை தானாகக் குவிகிறது. மகள் எங்கள் அறையிலேயே, பாயில் பிறந்தாள். அழுகுரல் கேட்ட கொஞ்ச நேரத்தில் அண்ணன் இரண்டு வாளியோடு வாசலில் வந்து நின்றார்.

"பர்மாக்காரரே, பிள்ளையைக் குளிப்பாட்டச் சொல்லுங்க. தண்ணி வந்திருச்சு."