அக்கா கேட்ட சட்டை

ரோத்தியாவின் தம்பி பௌரோ எங்கள் நாட்டுக்கே ஜனாதிபதியாக இருந்தவர். அவளோ எண்ணெய் டிரம்மை அறுத்துச் செய்த அடுப்பில் ரொட்டி சுட்டுப் பிழைத்தாள். தம்பி பதவியில் இருந்தவரை அவரிடம் ஒரு பிடி அரிசிகூடக் கேட்டதில்லை. எங்கள் கிரிபாத்தித் தீவுகளில் உறவுக்காரர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. "நான் கேட்டா குடுத்துருவான். குடுத்தா ஊரு அவனத் திருடன்னு சொல்லும்" என்பாள்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து பௌரோவின் பதவி போனது. மறுபடி ஜனாதிபதியாக வேண்டுமென்றால் முதலில் சொந்தத் தீவின் தொகுதியை ஜெயிக்க வேண்டும். விமானத்தைவிட்டு இறங்கியவர் நேராக ஊர்க்கூடத்துக்கு வந்தார்.

அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தூண், அதனடியில் ஒரு பாய். அப்பன் உட்கார்ந்த இடத்தில்தான் மகன் உட்கார வேண்டும். பௌரோ போய்ச் சம்மணம் போட்டதோ வெளியூரார் பாயில்! ஊர் ஊராகப் போய் விருந்தாளியாகவே உட்கார்ந்து பழகிய கால்கள், வேறென்ன செய்யும்?

மூத்தவர் உரியாம் தாடியைத் தடவினார். அவர் தலையாட்டாமல் அந்த ஊரில் ஒரு ஓட்டு விழாது.

"வாங்க வெளியூர்க்காரரே. உங்களுக்கு எந்தத் தீவு?"

பௌரோவுக்குத் தப்பு புரிந்தது. ஆனால் தானாக எழுந்து இடம் மாறுவது அதைவிடக் கேவலம்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் ரோத்தியா. மூத்தவர்கள் முன்னால் எங்கள் பெண்கள் வாய் திறப்பதில்லை. அவள் எழுந்தாள். முதுகை வளைத்தபடி கூடத்தைக் கடந்து தம்பியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"டேய், அந்தச் சட்டையக் குடு."

"இப்பவா அக்கா?"

"இப்பத்தான். அடுப்புகிட்ட நிக்க எனக்கு ஒரு சட்டை வேணும். கழட்டுடா!"

வெளியூரானிடம் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் அவன் கொடுக்க வேண்டியதில்லை. பௌரோ ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தப்பா மகன் ஒருவன் எழுந்தான். "அண்ணே, அந்தக் கறுப்புக் கண்ணாடி எனக்கு." கொடுத்தார். மாமன் மகள் விடுவாளா? "மச்சான், செருப்பு!" அதுவும் போயிற்று. சிரிப்பு கூரையைத் தூக்கியது.

"எல்லாம் போச்சா? எந்திரி, அப்பா பாய் காலியாக் கெடக்கு" என்று ரோத்தியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

வேட்டியும் வெறும் மார்புமாகப் பௌரோ அந்தத் தூணடியில் போய் உட்கார்ந்தார். பக்கத்துத் தூண் உரியாமுடையது. அவர் சிரிக்கவில்லை. ரோத்தியா சட்டையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"பௌரோ, உன் முட்டி என் பாயில இடிக்குது" என்றார் உரியாம். "உங்கப்பனும் இப்படித்தான், ஒரு நாளும் அடங்கி உக்காந்ததில்ல." கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார். "சரி, எதுக்கு வந்த? சொல்லு, கேப்போம்."